ஃப்ரான்ட்ஸ் வீட்டில் என்ன மொழி பேசினான்?

அல்ஃபோன்ஸ் தோதே எழுதிய ‘கடைசி வகுப்பு’ என்ற பிரெஞ்சுச் சிறுகதையைப் பள்ளிப் பாடநூலில் மொழிபெயர்ப்பாகப் படித்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். 1870இல் தொடங்கிய போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாஸ் பகுதி ஜெர்மானியர் கைக்குப் போகிறது. இனி அங்குள்ள பள்ளிகளில் ஜெர்மன் மட்டுமே கற்பிக்கப்பட வேண்டும் என்று பெர்லினிலிருந்து ஆணை வருகிறது. நாற்பது ஆண்டுகள் அந்த ஊரிலேயே பிரெஞ்சு கற்பித்த ஆசிரியர் ஹாமெல் தம் கடைசி வகுப்பை நடத்தி முடித்து, பேச நா எழாமல், கரும்பலகையில் ‘பிரான்ஸ் வாழ்க’ என்று பெரிய எழுத்துகளில் எழுதிவிட்டுச் சுவரில் தலை சாய்த்து நிற்கிறார். உலகிலேயே அழகான, தெளிவான, உறுதியான மொழி பிரெஞ்சு என்று அவர் சொல்லும் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியையும் பண்பாட்டையும் முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டதற்கு அந்தக் கண்ணீர் ஒரு காரணம். பட்டம் பெறும் நாள்வரை அந்தக் கதை என்னை விடவில்லை என்பதையும், ஒவ்வொரு முறை திரும்பிப் படித்தபோதும் அது வேறொரு கதையாக மாறிக்கொண்டே போனதையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை தொடங்கும்போது சிறுவன் ஃப்ரான்ட்ஸ் பள்ளிக்குப் போகவே பயப்படுகிறான். அன்று ஆசிரியர் ‘பார்த்திசீப்’ என்ற வினைவடிவத்தின் விதிகளைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அவனுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. மொழிபெயர்ப்பில் எளிதாகக் கடந்துபோன இந்தச் செய்தியின் கனம், முதலாம் ஆண்டில் நானே அந்த விதிகளின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. ‘நான் கடிதங்களை எழுதினேன்’ என்ற வாக்கியத்தில் ‘எக்ரி’ என்று மாறாமல் நிற்கும் சொல், ‘நான் எழுதிய கடிதங்கள்’ என்று கடிதத்தை முன்னால் கொண்டுவந்தவுடன் ‘எக்ரித்’ என்று ஒலி மாறுவதோடு, எழுத்தில் பெண்பாலுக்கு ஒரு குறியையும் பன்மைக்கு ஒரு குறியையும் ஏற்றுக்கொள்கிறது. கடிதம் பெண்பால் என்பதையே தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய நமக்கு, அது வாக்கியத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் கவனித்துக்கொண்டு எழுதுவது பெரும்பாடு. பதினாறாம் நூற்றாண்டில் கவிஞர் க்ளெமான் மரோ இத்தாலியத்தைப் பின்பற்றி இதை விதியாக வலியுறுத்தினார். 2018இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு முன்னாள் ஆசிரியர்கள் இதைக் கைவிடலாம் என்று முன்மொழிந்தபோது எழுந்த விவாதம், ஓர் இலக்கண விதிக்காக எத்தனை பேர் கொதித்தெழ முடியும் என்பதைக் காட்டியது.

எங்கள் வகுப்பில் வாரந்தோறும் ‘தீக்தே’ நடக்கும். ஆசிரியர் ஒரு பத்தியை மெதுவாக வாசிக்க, நாங்கள் பிழையின்றி எழுத வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண் குறையும். என் முதல் தீக்தே பூச்சியத்தில் முடிந்தது. ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்ற இரண்டிலும் வினைச்சொல் காதுக்கு ஒரே ‘பார்ல்’தான், ஆனால் பன்மையில் உச்சரிக்கப்படாத இரண்டு எழுத்துகள் கூடுதலாக வந்து அமர்ந்திருக்கும். கேட்பதை எழுதினால் தவறாகிவிடும். வாக்கியத்தின் இலக்கணத்தைப் புரிந்துகொண்டு எழுதினால்தான் சரியாகும். 1857இல் மூன்றாம் நெப்போலியனின் அவையில் எழுத்தாளர் ப்ரொஸ்பேர் மெரிமே ஒரு தீக்தே நடத்தியதாகவும், பேரரசரே 75 பிழைகள் செய்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. அது முழு உண்மையோ இல்லையோ, எழுத்துப் பிழையை ஒரு நாட்டு மக்கள் இத்தனை தலைமுறைகளாகப் பேசிக்கொண்டிருப்பதே எனக்கு முக்கியமான செய்தியாகப் பட்டது. பிரெஞ்சுப் பண்பாடு என்ற தனித் தாளில் அரசர்களின் பட்டியலையும் குடியரசுகளின் எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்தோம். அவற்றில் பெரும்பகுதி மறந்துவிட்டது. தீக்தே வகுப்பில் கற்ற பண்பாடு மறக்கவில்லை.

உச்சரிக்காத எழுத்துகளைச் சுமை என்று நினைத்தவர்களில் நானும் ஒருவர்தான். பிறகு அவை ஒவ்வொன்றும் ஒரு நினைவுக்குறி என்று தெரியத் தொடங்கியது. மருத்துவமனைக்குப் பிரெஞ்சில் ‘ஒபித்தால்’ என்று பெயர். அதில் ‘ஒ’ என்ற உயிரெழுத்தின் மேல் ஒரு சிறிய கூரைக்குறி இருக்கும். ஒருகாலத்தில் அங்கே ஒரு ‘ஸ்’ இருந்து, உச்சரிப்பில் தேய்ந்து மறைந்துபோனதற்கு அந்தக் கூரைதான் சாட்சி. பிரெஞ்சுக்காரர்கள் இழந்த அதே ‘ஸ்’ நம்முடைய ‘ஆஸ்பத்திரி’யில் இன்னும் இருப்பதைக் கண்டுபிடித்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை எந்தத் தேர்வு முடிவும் தந்ததில்லை.

ஒலிகள் சேரும் இடத்தில் தமிழ் எனக்குக் கைகொடுத்தது. ‘லே’, ‘அமி’ என்ற இரண்டு சொற்கள் சேரும்போது ‘லேஸாமி’ (நண்பர்கள்) என்றாகிறது. தனியாக நிற்கும்போது ஊமையாக இருந்த மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் வாய் திறக்கிறது. இதை அவர்கள் ‘லியெஸோன்’ என்கிறார்கள். ‘அவனிடம் இருக்கிறதா’ என்று கேட்க ‘ஆ’, ‘இல்’ என்ற இரண்டையும் சேர்க்கையில், இரண்டு உயிர்கள் மோதாதபடி நடுவே ஒரு ‘த்’ வந்து ‘ஆத்தில்’ என்று நிற்கிறது. உடம்படுமெய்யைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ‘ஏரோ’ (வீரன்) போன்ற சில சொற்களின் முன்னால் மட்டும் இந்தப் புணர்ச்சி கூடாது. அங்கே சேர்த்துவிட்டால் ‘வீரர்கள்’ என்று சொல்ல வந்தது ‘பூச்சியங்கள்’ என்று கேட்கும். வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் கற்ற மனம் இத்தகைய விலக்குகளைக் கண்டு மிரள்வதில்லை.

இரண்டாம் ஆண்டில் ‘எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்’ என்ற பயிற்சி தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாவ் லான்சோன் போன்ற கல்வியாளர்கள் நிலைபெறச் செய்த வாசிப்பு முறை இது. ஒரு பக்க அளவுள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, அது எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது, இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, இந்தக் காலம் ஏன் மாறியது என்று வரிவரியாகச் சொல்ல வேண்டும். ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்லவும் முடியாது. நம் உரையாசிரியர்கள் ஒரு செய்யுளின் உருபையும் உம்மையையும் விடாமல் பிரித்துப் பொருள் சொன்னதை ஓரளவு அறிந்திருந்ததால், இந்த முறை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. பிரெஞ்சு படிக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால், மொழியின் நிலைகளை ஏ1, ஏ2 என்று ஏறி முடிப்பதைவிட இந்தப் பயிற்சிக்குத் தங்களைக் கொடுப்பதே பெரிது என்பேன்.

அந்த வகுப்பில்தான் தோதேயின் கதையை மூலத்தில் படித்தோம். நான் சிறுவயதில் உருகிய அதே இடங்களை உருக்கத்தோடு விளக்கி முடித்தபோது, எங்கள் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஃப்ரான்ட்ஸ் வீட்டில், தன் தாயிடம் என்ன மொழி பேசினான்?” பிரெஞ்சு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஃப்ரான்ட்ஸ் என்பது ஜெர்மானியப் பெயர். கடைசி வகுப்புக்கு வந்து பின்வரிசையில் அமரும் முதியவர் ஹௌஸர், மூக்குக்கண்ணாடியுடன் பழைய அரிச்சுவடியைப் பிடித்துக்கொண்டு, சிறு பிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். அவர் பெயரும் ஜெர்மானியப் பெயரே. பிரெஞ்சுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளும் உங்களுக்கு உங்கள் மொழியைப் பேசவும் எழுதவும் தெரியவில்லையே என்று ஜெர்மானியர்கள் நம்மைக் கேட்பார்கள் என்று ஹாமெல் வருந்துகிறார். தாய்மொழியைப் பேசத் தெரியாத ஊர் உண்டா? அந்த ஊர் மக்களின் பேச்சு அல்சாஸியம், ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த வட்டார மொழி. அது கதையில் ஓரிடத்திலும் பெயர் சொல்லப்படவில்லை. போதாக்குறைக்கு, பார்த்திசீப் தெரியாத அந்தச் சிறுவன், பேச்சில் யாரும் பயன்படுத்தாத ‘பஸ்ஸே சேம்ப்ள்’ என்ற எழுத்துவழக்கு இறந்தகாலத்தில் தன் கதையைச் சொல்கிறான். அன்று நான் கோபப்பட்டேனா, ஏமாந்ததாக நினைத்தேனா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும் இருந்தன.

அடுத்த ஆண்டு ஓர் அரையாண்டுக் காலம் அல்சாஸின் தலைநகரான ஸ்ட்ராஸ்பூரில் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது. பழைய நகரின் தெருப் பலகைகளில் பிரெஞ்சுப் பெயருக்குக் கீழே அல்சாஸியப் பெயரும் எழுதப்பட்டிருக்கும். 1871இல் ஜெர்மனிக்குப் போன அல்சாஸ் 1918இல் பிரான்சுக்குத் திரும்பியது. 1940இல் மீண்டும் நாஜி ஜெர்மனியின் பிடிக்குள் போய், போரின் முடிவில் மறுபடி பிரான்சுடன் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் பள்ளியின் மொழி மாறியது. 1945க்குப் பிறகு ‘பிரெஞ்சு பேசுவதே நாகரிகம்’ என்ற வாசகத்தோடு அல்சாஸியத்தை வாயிலிருந்து விலக்கினார்கள். மத விவகாரத்திலும் அந்த வரலாறு அப்படியே தங்கியிருக்கிறது. அரசையும் தேவாலயத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டமே ‘லாயிசித்தே’ என்னும் கொள்கையின் தூண் என்று பண்பாட்டுத் தாளில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்ததால் இன்றுவரை அது அங்கே நடைமுறையில் இல்லை. குருமார்களுக்கு அரசு ஊதியம் தருகிறது. நான் படித்த அரசுப் பல்கலைக்கழகத்திலேயே கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் இறையியல் துறைகள் இருந்தன. பெரிய வெள்ளியன்று விடுமுறை என்பதை அறியாமல் வகுப்புக்குக் கிளம்பிப்போய், பூட்டிய கதவைப் பார்த்தபோதுதான் என் விடைத்தாளில் எத்தனை பெரிய விலக்கு விடுபட்டிருந்தது என்று உறைத்தது.

பிறகு இந்த இழையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். அரசின் ஆவணங்கள் லத்தீனை விட்டுப் பிரெஞ்சில் எழுதப்பட வேண்டும் என்று அரசர் முதலாம் ஃப்ரான்சுவா 1539இல் வில்லே-கொத்ரே என்ற ஊரில் ஆணை பிறப்பித்தார். ஆனால் புரட்சிக்குப் பிறகும், 1794இல் கிரெகுவார் பாதிரியார் தேசியப் பேரவைக்குத் தந்த அறிக்கையின்படி, பிரெஞ்சைத் தூய்மையாகப் பேசக்கூடியவர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டவில்லை. வட்டார மொழிகளை ஒழிக்க வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் தலைப்பு. 1880களில் ஜூல் ஃபெரியின் சட்டங்கள் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. அந்தக் காலப் பள்ளிகளில், மேற்குக் கரைப் பகுதி மக்களின் பிரெத்தோன் மொழி பேசிப் பிடிபட்ட குழந்தையின் கழுத்தில் அவமானச் சின்னம் ஒன்றை மாட்டுவார்கள். அது அடுத்துப் பிடிபடும் குழந்தையின் கழுத்துக்கு மாறும். ஹாமெல் போன்ற ஆசிரியர் ஒருவர் பிரான்சின் மேற்குக் கரையில் இதைச் செய்துகொண்டிருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னைப் பல நாட்கள் தூங்கவிடவில்லை.

இதனால் பிரெஞ்சின் மீதிருந்த அன்பு குறைந்ததா என்று கேட்டால், இல்லை. அதைக் காப்பாற்றியது மூன்றாம் ஆண்டில் வந்த ஃப்ராங்கோஃபோனி (பிரான்சுக்கு வெளியே உள்ள பிரெஞ்சு மொழி உலகம்) இலக்கியத் தாள். செனெகலில் பிறந்த லெயோபோல் செதார் செங்கோர் 1935இல் பிரெஞ்சு இலக்கணத்தில் ‘அக்ரெகாசியோன்’ என்ற கடினமான ஆசிரியத் தேர்வில் வென்று, பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே மொழி கற்பித்தவர். பின்னால் தம் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். 1983இல் பிரெஞ்சு அகாதெமியின் நாற்பது இருக்கைகளில் ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்கர் அவரே. அல்ஜீரிய எழுத்தாளர் காத்தெப் யாசீன், பிரெஞ்சு மொழி தமக்குப் போரில் கிடைத்த கைப்பொருள் என்றார். அடிமைப்படுத்தியவர்களின் மொழியைப் பணிந்து வாங்கிக்கொள்ளாமல், எடுத்து ஆண்டவர்கள் இவர்கள். ‘எழுபது’ என்பதை ‘அறுபது-பத்து’ என்று பாரிஸ் சொல்ல, பெல்ஜியமும் சுவிட்சர்லாந்தும் ‘செப்தான்த்’ என்று நேராகச் சொல்வதைக்கூட முதலாண்டில் ‘வட்டாரப் பிழை’ என்று குறித்து வைத்திருந்தேன். அந்தப் பழைய குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

இறுதித் தேர்வில் வாய்மொழியாக எக்ஸ்ப்ளிகாசியோன் செய்ய, சீட்டுக் குலுக்கி எடுத்த பகுதி தோதேயின் கதையிலிருந்தே வந்தது. வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும்போது கூரைமேல் புறாக்கள் குனுகுகின்றன. புறாக்களையும் ஜெர்மனில் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்களோ என்று ஃப்ரான்ட்ஸ் நினைக்கிறான். மூலத்தில் அந்த வாக்கியம் ‘எஸோஸி’ (அவற்றையும்கூட) என்ற இரண்டு சொற்களின் புணர்ச்சியில் முடிகிறது. தேர்வாளர்களிடம் நான் எடுத்த உடனே அந்த ‘உம்’மைத்தான் சொன்னேன். நம் உரைகளில் ‘உம்மை இறந்தது தழீஇயது’ என்று எழுதுவார்கள். முன்பு நடந்த ஒன்றையும் அது தன்னோடு அணைத்துக்கொண்டு வரும். புறாக்களுக்கு முன்னால் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டு, ஜெர்மன் திணிக்கப்படவிருக்கும் இந்தப் பிள்ளைகளிலிருந்து தொடங்கி, முதியவர் ஹௌஸரின் அரிச்சுவடிக்குப் போனேன். அங்கிருந்து, நாற்பது ஆண்டுகளாக அந்த வகுப்பறையில் கேட்காமல் போன அல்சாஸியத்துக்குப் போனேன். என் இருபது நிமிடம் முடிந்தபோது தேர்வாளர் ஒருவர் அந்தப் பத்தியை மறுபடி உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ‘எஸோஸி’யில் அந்த ‘ஸ்’ தெளிவாக ஒலித்தது.