ஈயின் பங்காளியா, வண்டின் பங்காளியா?

ஸ்ட்ரெப்சிப்டெரா என்றொரு பூச்சி வரிசை உண்டு. பெயருக்கு 'முறுக்கிய இறக்கை' என்று பொருள். இதில் பல இனங்களின் பெண், குளவியின் வயிற்றுக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும். வயிற்று வளையங்களுக்கு நடுவே பழுப்பு மச்சம் போல அதன் முன்பகுதி மட்டும் எட்டிப் பார்க்கும். இறக்கையுள்ள ஆணுக்கு ஆயுள் சில மணி நேரம்தான்.

இது யாருக்குச் சொந்தம் என்று 1990களில் பெரிய சண்டையே நடந்தது. ஈயின் பங்காளி என்றது ஒரு தரப்பு, வண்டின் பங்காளி என்றது இன்னொன்று. 2012இல் இந்த வரிசையில் ஓர் இனத்தின் ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ வரிசை, வெளியானதும் பக்கம் வண்டுக்குச் சாய்ந்தது. விடை தெரிந்த கணக்குதானே, டிஎன்ஏவை ஒப்பிட்டு உறவு மரம் போடும் பயிற்சிக்குச் சுலபமாக இருக்கும் என்று எடுத்தேன்.

முதலில் 18எஸ் என்ற ஒரே மரபணு. மற்ற பூச்சிகளில் இது ஏறக்குறைய 2,000 டிஎன்ஏ எழுத்து. ஸ்ட்ரெப்சிப்டெராவில் 3,000ஐத் தாண்டும். வரிசைகளை அடுக்கித் திரையில் பார்த்தால் இந்த ஒரு வரி மட்டும் கோணல்மாணலாக நின்றது. மரம் போட்டால் ஈயோடு போய் ஒட்டிக்கொண்டது. வேகமாக மாறிய இரண்டு கிளைகள் உறவே இல்லாவிட்டாலும் ஒன்றையொன்று இழுக்கும் என்று பரிணாம ஆய்வாளர் ஃபெல்சன்ஸ்டைன் 1978லேயே காட்டிவிட்டார். படித்ததுதான், இருந்தாலும் கண்ணால் பார்க்கும்போது திக்கென்றது.

சரி, ஒரு மரபணு போதாது. பொதுத் தரவுத்தளங்களிலிருந்து 24 இனங்களின் ஜீனோம்களை இறக்கி, பஸ்கோ என்ற மென்பொருளின் பூச்சிப் பட்டியலிலுள்ள 1,367 ஒற்றைப் பிரதி மரபணுக்களை (பெரும்பாலும் ஒரு ஜீனோமில் ஒன்றே இருப்பவை) தேடி எடுத்தேன். டிஎன்ஏவை அப்படியே மரம் போடும் மென்பொருளான ஐக்யூ-ட்ரீயில் ஓட்டினேன். மறுபடியும் ஈதான்! அதுவும் நூற்றுக்கு நூறு ஆதரவோடு. தவறான பாதையில் தரவைக் கூட்டினால் தவறுதான் உறுதியாகும் போல.

ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுப்புதான் கோடான். அதன் மூன்றாம் எழுத்து மாறினாலும் பெரும்பாலும் புரதம் மாறாது. அதனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்த இடம் திரும்பத் திரும்ப மாறித் தேய்ந்துபோயிருக்கும். சோதனைக்காக ஈக்களை மட்டும் நீக்கிப் பார்த்தேன். ஒட்டிக்கொள்ள ஆளில்லாமல் பூச்சி நேராக வண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அப்புறம் ஈக்களைத் திரும்பச் சேர்த்து, டிஎன்ஏவை விட்டு அமினோ அமில வரிசைக்கு மாறினேன். வரிசையின் ஒவ்வோர் இடமும் வெவ்வேறு விதமாக மாறும் என்று கொள்ளும் கணக்கு மாதிரியைப் போட்டதில் நினைவகம் போதாமல் கணினி இரண்டு முறை படுத்துவிட்டது. மரபணுக்களை 400 ஆகக் குறைத்து ஐந்து நாள் ஓட்டியதில் வண்டுப் பக்கம் வந்தது.

மகிழ்ச்சி ஒரு மாலைதான் நீடித்தது. மரபணுக்களைத் தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்பதில் அது குளவிகளுக்கு நடுவே சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. குளவி வயிற்றிலிருந்து எடுத்த பூச்சி. குளவியின் சதையும் கூடவே வந்திருக்கிறது. அந்த ஒன்பதையும் நீக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். இன்று மூன்றாம் நாள்.