பால்வாடியில் பேர் ஏற்றப் போகிறீர்களா? முதலில் அம்மாவின் செல் நம்பரைப் பாருங்கள்

"குழந்தைக்கு ஆதார் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேர் ஏத்தலாம்." வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கத்துக் கிராமம் ஒன்றில், எட்டு மாதக் குழந்தைக்குச் சத்துமாவு கேட்டுப் போனபோது வந்த பதில் இது. தப்பான பதில். பால்வாடிப் பதிவு நடக்கிற போஷன் டிராக்கர் செயலியில் அம்மாவின் ஆதாரை வைத்தே குழந்தையைப் பதியலாம். மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு, அவர் பால்வாடி டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னதும் வேலை நகர்ந்தது. ஆகவே இப்படிச் சொன்னால் சண்டை போடாதீர்கள், திரும்பியும் வராதீர்கள். அங்கேயே நின்று மேற்பார்வையாளர் நம்பரைக் கேளுங்கள்.

உண்மையான இடைஞ்சல் அதற்குப் பிறகுதான். கேஒய்சி-க்கு, அதாவது ஆதாரைச் சரிபார்க்க, ஓடிபி போகும். அம்மாவின் ஆதாரில் இருப்பதோ கல்யாணத்துக்கு முன் கொடுத்த நம்பர். அது அண்ணனிடம் இருக்கும், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். வீட்டுக்காரர் நம்பராக இருந்தால், அவர் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்டில் இருப்பார், போன் லாக்கரில் இருக்கும். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை மாதிரி மலை ஊர்க்காரர்களுக்குச் சிக்னல் தொல்லை வேறு. நம்பர் மாற்றித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். அம்மாவே ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து மாற்றலாம். ஆதார் அட்டை போதும், வேறு பேப்பர் கேட்க மாட்டார்கள். கட்டணம் 75 ரூபாய். தபால்காரரிடம் சொல்லி வைத்தால் வீட்டுக்கே கருவியோடு வந்து மாற்றித் தருவார். இந்த வசதி ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இன்னொரு முடிச்சு, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவர்களுக்கு. கர்ப்பிணியாக அந்த ஊர் மையத்தில் பேர் ஏறியிருக்கும். அங்கிருந்து மாற்றி விடாதவரை இங்கே 'ஏற்கெனவே பதிவு உள்ளது' என்றே வரும். கிளம்பும் முன்பே அந்த ஊர் டீச்சரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

குழந்தைக்கு ஆதார் இப்போது வேண்டாம் என்றாலும் பின்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவை. சான்றிதழ் எங்கே வாங்குவது என்பதற்குச் சொந்த ஊர் கணக்கில்லை, குழந்தை பிறந்த இடம்தான் கணக்கு. வேலூர் டவுனில் பிறந்தால் மாநகராட்சி, ஆம்பூர் டவுனில் பிறந்தால் அந்த நகராட்சி. உங்கள் விஏஓ ஆபீசில் காத்திருப்பது வீண். சான்றிதழில் குழந்தை பேர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருஷத்துக்குள் என்றால் பேர் சேர்க்கக் காசில்லை, தாண்டினால் 200 ரூபாய் தாமதக் கட்டணம். ஐந்து வயதுக்குள் ஆதாருக்குக் குழந்தையின் கைரேகை, கருவிழி எடுப்பதில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட வந்து கைரேகை வைக்க வேண்டும். பாட்டியோடு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சான்றிதழிலும் ஆதாரிலும் அம்மா பேர், இனிஷியல் உட்பட, ஒரே மாதிரி இருக்கட்டும்.

மாவு வாங்குகிற நாளில் முகத்தைப் படம் பிடிப்பார்கள். யார் முகம் பதிவாகியிருக்கிறதோ அவரே போங்கள். மையத்துக்குள் இருட்டாக இருந்தால் செயலி ஏற்காது. திண்ணைக்கு வந்து வெளிச்சத்தைப் பார்த்து நின்று, கண்ணைச் சிமிட்டுங்கள்.

எடை, உயரம் எடுக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். வெள்ளிக் கொலுசு, வளையல், ஸ்வெட்டர் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் எடை. இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்க வைத்து. இரண்டு அளவுக்கும் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். அவசரத்தில் மாற்றி அளந்தால் நல்லா இருக்கிற பிள்ளையும் 'குள்ளம்' கணக்கில் போய்விடும். கைச்சுற்றளவு நாடாவில் 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் மாவோடு மட்டும் நிறுத்தாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.