மானைப் பாராட்டுகிறார்கள், படத்தை அல்ல

திருகோணமலையில் கமெராவைக் கையில் எடுக்கும் எவருக்கும் பாராட்டுக்குப் பஞ்சம் வருவதில்லை. கோணேசர் கோவில் நிற்கும் மலைமுகடு, பிரெட்றிக் கோட்டை வாசலில் மேயும் புள்ளிமான்கள், உப்புவெளியின் மணல், மாலையில் நிறம் மாறும் உட்துறைமுகத்து நீர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு விருந்துதான். பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒன்று அழகாகவே வந்து விழும். வீட்டில் மாமி பார்த்துவிட்டு "நல்லாயிருக்கு" என்பார், வேலையிடத்து அக்காமார் தங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்வார்கள், கனடாவில் இருக்கும் சித்தப்பா ஊர் நினைவில் கண் கலங்கியதாகக் குரல் பதிவு அனுப்புவார். இவை எல்லாம் மனதுக்கு இதமானவை. ஆனால் படம் எடுக்கப் பழகுகிறவருக்கு இவற்றால் பெரிய பயன் கிடையாது, ஏனென்றால் அந்தப் பாராட்டில் முக்கால்வாசி ஊருக்குப் போய்ச் சேருகிறது. இத்தனை அழகில்லாத ஓர் ஊரில் பிறந்திருந்தால், என் படங்களின் தரம் எனக்கு இன்னும் விரைவாக விளங்கியிருக்கும் என்று சில வேளைகளில் நினைப்பதுண்டு.

ஃபிலிம் காலத்தில் நகருக்குள் ஸ்டூடியோ நடத்தி, கல்யாண வீடு, சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம் என்று வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு இப்போது ஓய்ந்திருக்கும் ஐயா ஒருவரிடம் என் படங்களைக் கொண்டு போகத் தொடங்கிய பிறகுதான், ஊரையும் படத்தையும் பிரித்துப் பார்க்க எனக்கு வழி கிடைத்தது. கோட்டைக்குள் எடுத்த மான் படம் ஒன்றை அவரிடம் கொடுத்து, எந்த நேரத்தில், எந்த இடத்தில் நின்று எடுத்தேன் என்று விளக்கத் தொடங்கினேன். "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை, நான் முதல்ல பாக்கிறன்" என்று நிறுத்தினார். நன்றாகப் பார்த்த பின்னர், தன் கண்ணில் பட்டதை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னார்: பெரிய ஆலமரம், அதன் விழுதுகள், வலது மூலையில் ஒரு முச்சக்கரவண்டியின் பின்சக்கரம், நடுவில் ஏதோ ஒரு மிருகம். அதன் பிறகுதான், "சரி, நீங்கள் என்னத்தைக் காட்ட எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். கொம்பு விரித்து நிற்கும் ஆண் மானைக் காட்டவே நான் அதை எடுத்திருந்தேன். அவர் சொன்ன பட்டியலில் கொம்பு இடம்பெறவே இல்லை.

ஒருவர் படத்தைப் பற்றிச் சொல்லும் கருத்துகளில் எனக்கு இன்றுவரை அதிகம் உதவுவது இந்த முறைதான். எடுத்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பார்ப்பவர் தான் கண்டதைச் சொல்ல வேண்டும். நோக்கத்தைக் கடைசியில்தான் வெளியிட வேண்டும். நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிட்டால், நாகரிகம் தெரிந்த எவரும் அதைப் படத்தில் தேடிக் கண்டுபிடித்துத் தந்துவிடுவார், குறிப்பாக நம் ஊரில், எதிரே இருப்பவரின் முகம் வாடிவிடக் கூடாது என்ற கவனம் எல்லோருக்கும் இருப்பதால்.

அடுத்ததாக ஐயா தன் பெருவிரலை வைத்துப் படத்தின் ஓரங்களை ஒவ்வொன்றாக மறைத்தார். வலது மூலையை மறைத்து, "ஏதாவது குறையுதா?" என்றார். குறையவில்லை. மேல் ஓரத்தை மறைத்தார், அப்போதும் குறையவில்லை. விரலை எடுத்து மானின் தலையில் வைத்தபோதுதான் சிக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கொம்புகளும் அவற்றுக்கு நேர் பின்னால் தொங்கிய விழுதுகளும் ஒரே பழுப்பு நிறம், ஒரே கூர்மை. கண்ணால் பார்க்கும்போது ஆழம் தெரிவதால் இரண்டும் வேறு வேறாக நிற்கின்றன, தட்டையான தாளில் ஒன்றோடொன்று ஒட்டிப் போகின்றன. இடப்பக்கமாக இரண்டு எட்டு நகர்ந்திருந்தால் கொம்புக்குப் பின்னால் வெட்டவெளி வந்திருக்கும். முழங்காலில் அமர்ந்திருந்தால் வானம் வந்திருக்கும். என்னிடம் இருப்பது கமெராவோடு வரும் சாதாரண 18–55 மி.மீ. லென்ஸ், 55இல் ஒளி நுழையும் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது, பின்னணியை எளிதில் மங்கச் செய்ய அது போதாது. அப்படியிருந்தும் மானுக்கு அருகே போய், பின்னணி தூரத்தில் இருக்கும் கோணத்தைத் தேர்ந்தால் பின்புறம் போதிய அளவு மங்கிவிடும். கையில் இருப்பதைத் தின்பதற்கு நம்மிடமே நடந்து வரும் கோட்டை மான்களுக்கு அருகே போவது எந்தக் காலத்திலும் சிரமமில்லை.

வெண்மணல் விடயத்திலும் அப்படித்தான். உப்புவெளியில் உச்சிவெயிலில் எடுத்த படங்கள் எல்லாம் மழைக்கு முந்திய பொழுது போலச் சாம்பல் பூத்து வருவதை நான் முன்பே கவனித்திருந்தேன், "இருட்டாயிருக்கு" என்று பலரும் சொல்லியும் இருந்தார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐயா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய சாம்பல் அட்டையை எடுத்துக் காட்டினார். தன்மேல் படும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் வகையில் செய்யப்படும் அட்டை அது. கமெராவின் ஒளிமானிக்கு எதிரே இருப்பது மணலா எருமையா என்று தெரியாது, எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரவே அது முயலும், ஆகையால் படச்சட்டம் முழுக்க வெண்மணல் நிறைந்தால் அது ஒளியைக் குறைக்கும், தம்பலகாமத்து வயலில் நிற்கும் எருமை சட்டத்தை நிறைத்தால் கூட்டும் என்று விளக்கினார். மணலுக்கு எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியை, ஒரு படி கூட்டு, எருமைக்கு ஒரு படி குறை, பிறகு படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று கமெரா காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துத் திருத்து. இது காலையில் கடற்கரைக்குக் கொண்டு போகக்கூடிய ஒரு கருத்து.

சூரியோதயப் படங்களுக்கு அவர் சொன்னது எனக்கு அவ்வளவு வசதியாக இருக்கவில்லை. டச்சுக்குடாக் கரையிலிருந்து கோணேசர் மலையை எடுக்காத கமெரா இந்த ஊரில் இல்லை. நானும் ஆனி மாதத்துக் காலை ஒன்றில் எடுத்த படத்தைப் பெருமையோடு நீட்டினேன். மலை முழுதும் கறுத்த உருவமாகவே இருந்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. மலையின் பாறை மடிப்புகள் தெரிய வேண்டும் என்பது என் விருப்பமானால், ஆனியில் சூரியன் வடகிழக்குப் பக்கமாக நகர்ந்து மலையை நெருங்கி உதிப்பதால் அது நடக்காது என்றும், மார்கழியில் அது தென்கிழக்கே விலகி உதிக்கும்போது மலையின் நம்மைப் பார்க்கும் பக்கத்தில் வெளிச்சம் விழும் என்றும் சொன்னார். மார்கழி என்றால் இங்கே வாடைமழை. சூரியன் வருமா வராதா என்பதை முகில்தான் தீர்மானிக்கும். அத்துடன் நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே, ஏறத்தாழ எட்டரைப் பாகை வடக்கில் இருக்கும் நமக்குச் சூரியன் செங்குத்தாக ஏறிவிடுவதால், மென்மையான ஒளி ஐரோப்பியரின் வழிகாட்டிகள் சொல்லும் அளவு நேரம் நிற்பதில்லை. ஆகவே எங்கே நிற்பது, எதைச் சட்டத்துக்குள் விடுவது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

படக்கலை தெரிந்தவரிடம் மட்டுமே கருத்துக் கேட்க வேண்டும் என்பதில்லை. நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பவர்களை, அவர்களின் அனுமதியோடு, எடுத்திருந்தேன். முகங்களில் வியர்வை, பின்னால் கடல், எனக்குத் திருப்தியான படம். ஐயாவுக்கும் ஒளியில் குறை தெரியவில்லை. வாக்களித்தபடி அச்சிட்ட பிரதியைக் கொண்டு போய்க் கொடுத்தபோது, அவர்களில் மூத்தவர் அதை வெயிலுக்குச் சரித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கயிறு தொய்ஞ்சிருக்கு பாருங்க தங்கச்சி, இது நாங்க இளைப்பாறுற படம்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். பார்த்தால் உண்மைதான்: கயிறு இரண்டு ஆட்களுக்கு இடையில் தளர்ந்து வளைந்திருந்தது. பிறகு அவர் தன் காலைக் காட்டினார். இழுக்கும்போது முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாலும் முகம் அப்படித்தான் இருக்கும். குதிக்கால் மணலில் எவ்வளவு ஆழம் புதைந்திருக்கிறது என்பதில்தான் வலையின் பாரம் தெரியும் என்றார். மீன் சேரும் வலைப்பை, அதாவது மடி, கரையை நெருங்க நெருங்கக் குழி ஆழமாகும். அதன் பின் நான் மணலில் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு, ஷட்டரை 1/500 விநாடிக்கு வைத்து, இறுகிய கயிற்றிலிருந்து தெறிக்கும் நீர்த்துளிகளும் புதைந்த குதிக்கால்களும் தெரிய எடுத்த படங்களே, இதுவரை நான் எடுத்தவற்றில் எனக்கு ஓரளவு மதிப்புள்ளவையாகத் தோன்றுகின்றன. எந்தக் கமெராக்காரரும் எனக்கு அதைச் சொல்லியிருக்க முடியாது.

காதில் வாங்கி அப்படியே விட்டுவிட வேண்டிய கருத்துகளும் உண்டு. "லென்ஸை மாத்துங்கோ" என்பது அவற்றில் முதலாவது. கடலில் திமிங்கிலத்தையோ தொலைவில் பறவையையோ எடுக்க விரும்புகிறவருக்கு அது நியாயமான ஆலோசனை, விழுதோடு ஒட்டிப் போன கொம்புக்கு அது மருந்தல்ல. படத்தைப் பார்க்காமல் விதியை மட்டும் ஒப்பிப்பவர்கள் இன்னொரு வகை. சட்டத்தை மூன்றாகப் பிரித்து முக்கியமானதைக் கோட்டில் வைக்க வேண்டும் என்ற விதியின் வேர், புகைப்படமே பிறக்காத 1797இல் ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது சொன்ன மூன்றிலொரு பங்கு விகிதத்தில் இருக்கிறது; பயனுள்ள யோசனைதான், ஆனால் கன்னியா வெந்நீர்க் கிணறு ஒன்றின் சதுர வாயை நேர் மேலிருந்து எடுத்த படத்துக்கு அதைப் பொருத்தச் சொன்னவரை என்ன செய்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் கதை இதைவிடச் சிக்கலானது. 1863 டிசம்பரில், 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமெராவோடு தொடங்கியவர் அவர். அவருடைய உருவப்படங்களில் ஃபோகஸ் கூர்மையாக இல்லை என்று அன்றைய புகைப்பட இதழ்கள் திரும்பத் திரும்பக் கடிந்தன. அவரோ அந்த மென்மையைத் தெரிந்தே வைத்துக்கொண்டார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். விமர்சனத்தை மறுக்க விரும்பும் தொடக்கநிலையாளர்கள் அவர் பெயரை உடனே இழுப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மங்கல் எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கைநடுக்கத்தால் மங்கிய என் படத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது.

கருத்துக் கேட்கப் போகும்போது தொலைபேசியைக் கொண்டு போவதை நிறுத்திவிட்டேன். திரையின் பிரகாசம் இருட்டை மறைக்கும், பார்ப்பவரின் விரல் அடுத்த படத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அஞ்சலட்டை அளவில் சிலவற்றை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் மனிதர் நின்று பார்க்கிறார், பெருவிரலுக்கும் வேலை கிடைக்கிறது.

இப்போதுள்ள தொல்லை, இருவர் சொல்வதும் ஒத்துப் போகாததுதான். கரைவலைப் படம் ஒன்றின் இடது ஓரத்தில், இழுத்த கயிற்றை ஒருவர் சுருட்டி அடுக்கிய குவியல் இருக்கிறது. ஐயா அதைப் பெருவிரலால் மறைத்து, ஒன்றும் குறையவில்லை, வெட்டிவிடுங்கள் என்றார். வலைக்காரரோ அந்தச் சுருளின் உயரத்தைப் பார்த்தால்தான் வலை இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும், அதை வெட்டினால் படத்தில் வேலையே இல்லை என்றார். கண்ணைப் பொறுத்தவரை ஐயா சொன்னது சரி. எனக்கு வலைக்காரர் பக்கம் சற்று அதிகமாகச் சாய்வு இருக்கிறது, ஆனால் கரைவலையைக் கண்டிராத ஒருவருக்கு அந்தக் குவியல் வெறும் குவியலாகத்தான் தெரியும் என்பதும் உண்மை. இரண்டு விதமாகவும் அச்சிட்டேன். சுருளோடு இருப்பதை வலைக்காரருக்குக் கொடுத்தேன். வெட்டிய பிரதியை ஐயாவிடம் கொடுத்தபோது, அவர் சுருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடலின் கோடு இன்னும் இடப்பக்கம் சரிந்திருக்கிறது, அடுத்த முறை கமெராவுக்குள் இருக்கும் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு எடுங்கள் என்றார்.