அம்மா பெயரைச் சொல்லிக் கேட்டேன்

ஏப்ரல் 27, தங்கச்சிமடம்

அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு ரொம்பச் சுருங்கிவிட்டது, இனி மாத்திரையை வைத்து ஓட்ட முடியாது, வால்வை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். சின்ன வயதில் தொண்டை வலியோடு வந்த மூட்டுக் காய்ச்சல் செய்த வேலையாம். மீன்பிடித் தடைக்காலம் வேறு, ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பா வலையைச் சரி பார்க்கிறேன் என்று கரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ராத்திரி ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அம்மா பெயரையும் ஆபரேஷன் தேதியையும் போட்டு, ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் எழுதினேன்.

ஏப்ரல் 28

சொந்தக்காரர்கள் போன் பண்ணினால் எவ்வளவு செலவு, காப்பீட்டு அட்டை இருக்கா, ஏன் முன்னாடியே பார்க்கவில்லை என்று கேட்கிறார்கள். அக்கறைதான், ஆனால் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு வாங்குகிறது. ஜெபிக்கிறேன் என்றவர்கள் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கீழக்கரை ராத்தா ஒருவர், நான் நேரில் பார்த்ததே இல்லை, ‘ஃபஜ்ர் தொழுதுட்டு அம்மாவுக்கு துஆ செஞ்சேன்மா’ என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் சேவல் கூவுகிறது. அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மே 4, மதுரை

என்னோடு படித்தவள் உப்பூர் பிள்ளையாருக்கு அர்ச்சனை பண்ணப் போகிறாளாம், அம்மா நட்சத்திரம் என்ன என்றாள். எங்கள் வீட்டில் ஞானஸ்நானத் தேதி தெரியும், நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? ‘சரி விடு, சாமி பேருக்கே பண்ணிட்டு அம்மாவை நெனச்சுக்கிறேன்’ என்றாள். தொண்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர் ஓரியூர் போய் அருளானந்தர் கோயிலில் வேண்டிக்கொண்டு, அந்தச் செம்மண்ணைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டிருக்கிறார். 1693இல் அருளானந்தர் வேதத்துக்காக ரத்தம் சிந்திய மண். அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மே 5

இதயத்தை நிறுத்திவைத்து, மெஷின் வழியாக ரத்தத்தை ஓடவிட்டுத்தான் வால்வை மாற்றுவார்களாம். அந்த நேரம் முழுக்க நான் ஜெபமாலையைப் பிடித்திருந்தேனே தவிர அருள் நிறைந்த மரியே என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. எனக்கு வராத ஜெபத்தை இத்தனை பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். குவைத்திலிருந்து ஒரு தம்பி, ‘முடிஞ்சதா அக்கா? நாங்க ரூம்ல எல்லாரும் முழிச்சுத்தான் இருக்கோம்’ என்று எழுதினான். முடிந்தது. நல்லபடியாக முடிந்தது.

மே 8

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வந்ததையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ராத்தா குரலைக் கேட்டுவிட்டு, ‘அவுகளுக்கு எத்தன புள்ளைக?’ என்றார். எனக்குத் தெரியவில்லை. ‘கேளு, நாமளும் சொல்லணும்ல’ என்றார்.

மே 19, தங்கச்சிமடம்

உலோக வால்வு என்பதால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க இடையிடையே ஐஎன்ஆர் பரிசோதனை. மே மாதம் மாதாவுக்கு உரிய மாதம், சாயங்காலம் பக்கத்து வீட்டாரும் ஜெபமாலைக்கு வந்துவிடுகிறார்கள். ராத்தாவின் கடைசி மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம். அந்தப் பெண் பெயரை அம்மா பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார், இன்றைக்கு ஜெபமாலையில் முதல் வேண்டுதல் அதுதான். நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.