எலெக்ட்ரிக் ஃபேன் பரணில் இருக்கிறது

மூன்று வாரமாக அம்பாசடரின் ரேடியேட்டரைக் குளிர்விக்க எலெக்ட்ரிக் ஃபேன் போடுவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நேற்று மாலை முடிவு செய்துவிட்டேன். போடவில்லை. வாங்கி வைத்த ஃபேன், ரிலே, ஒயர் எல்லாம் பரணில் ஏறிவிட்டன. எவ்வளவுக்கு வாங்கினாய் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் உறுத்துகிறது.

வண்டி 1977 மார்க் 3. 1489 சிசி பெட்ரோல், கரண்ட் தருவது இன்னும் பழைய டைனமோதான். ரேடியேட்டரின் மேல் டாங்கைத் திறந்து, குழாய்களில் ராடு விட்டு அடைப்பெடுத்து, ஈயம் வைத்து மூடியாயிற்று. சிறுவாணித் தண்ணீர் வரும் ஊரில் இருந்துகொண்டு முந்தைய உரிமையாளர் போர்வெல் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். வந்து விழுந்த உப்புக் கட்டியைப் பார்த்தால் தெரிகிறது. தெர்மோஸ்டாட் புதியது, 82 டிகிரி. டைமிங்கும் சரி. இத்தனைக்குப் பிறகும் லாலி ரோடு சிக்னலில் இரண்டு முறை சிவப்பு விழுந்தால் முள் கிடுகிடுவென்று ஏறுகிறது. அவிநாசி சாலையில் 60-ல் போனால் சாதுவாக இறங்கிவிடுகிறது. ஓடும்போது அடங்கி, நிற்கும்போது ஏறினால் காற்றுப் பற்றவில்லை என்று அர்த்தம். ஆகவே எஞ்சின் சுற்றும் பழைய ஃபேன்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். மெக்கானிக் அண்ணனும், “சின்ன கார் ஃபேன் ஒன்றை மாட்டிவிடு தம்பி, கவலை விட்டது” என்றார்.

மாட்டுவதற்கு முன் அளந்து பார்க்கலாம் என்று தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். கொரோனா காலத்தில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதற்கு அண்ணன் முறை. இங்கேதான் இரண்டு நாள் வீணாயிற்று. முள் சிவப்பைத் தொடுகிறது, துப்பாக்கியோ மேல் டாங்க் 58 டிகிரி என்கிறது! முள்தான் பொய் சொல்கிறது என்று மீட்டரையும் சென்சாரையும் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் சென்சாரை முக்கிப் பார்த்தேன். மீட்டர் யோக்கியமாகத்தான் இருந்தது. பொய் சொன்னது டாங்க். ராடு விட்டபோது அதைப் பித்தளை மின்ன மின்னத் தேய்த்துக் கொடுத்திருந்தார்கள். பளபளக்கும் உலோகம் தன் வெப்பக் கதிரைக் குறைவாகத்தான் வெளிவிடும். சுற்றுப்புறத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். மலிவு விலைத் துப்பாக்கிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டாங்கின்மேல் இரண்டு அங்குலம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதைக் குறிபார்த்ததும் 58 சட்டென்று 97 ஆனது. இப்போது மேல் டாங்க், கீழ் டாங்க், இரண்டு ஹோஸ் என்று நாலு இடத்தில் கறுப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். திருஷ்டிப் பொட்டா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இருபது நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் மேலே 101, கீழே 95. ஆறு டிகிரிதான் இறங்குகிறது. தண்ணீர் சுற்றுகிறது, சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்றுத்தான் இல்லை.

சரி, எலெக்ட்ரிக் ஃபேனுக்கு வருகிறேன். பழைய சாமான் கடையில் வாங்கியதைப் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்து அளந்தேன்: ஓடும்போது 8 ஆம்பியர், கிளம்பும் நொடியில் 20-ஐத் தாண்டுகிறது. என் டைனமோவின் முழுக் கொள்ளளவே 22. ராத்திரி மழையில் கணக்குப் போடுங்கள். ஹெட்லைட் இரண்டும் 45 வாட், அதற்கு ஏழரை ஆம்பியர், இக்னிஷன் காயிலுக்கு மூன்றரை, வைப்பருக்கு மூன்று, பார்க்கிங், மீட்டர் விளக்குகளுக்கு இரண்டு. பதினாறு போயிற்று. ஃபேனைச் சேர்த்தால் 24. அதைவிட மோசம், 22 என்பது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான். ஐட்லிங்கில் டைனமோ கிட்டத்தட்டச் சும்மா உட்கார்ந்திருக்கும், சிவப்பு விளக்குக் கண் சிமிட்டும். எனக்கு ஃபேன் தேவைப்படுவது சரியாக அந்த நேரத்தில்தான்! சிக்னல் சிக்னலாகப் பேட்டரியைத் தின்று காற்று வாங்க வேண்டும். டைனமோவை எடுத்துவிட்டு, ஐட்லிங்கிலும் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் மாற்றியவர்களுக்கு இந்தப் பாட்டு வேண்டாம். நானும் மாற்றத்தான் போகிறேன். அது தீபாவளி போனஸ் வந்த பிறகு.

ஆறு இதழ் பிளாஸ்டிக் ஃபேனையும் யோசித்தேன். சென்னை போனபோது புதுப்பேட்டையில் ஒருவர் எடுத்துக் காட்டினார். இதழ் வளைவு எதிர்ப்பக்கம் இருந்தது. கேட்டால், “திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் சார்” என்கிறார். ஃபேனைத் திருப்பினாலும் காற்றுத் திசை மாறாது ஐயா என்று விளக்கப் போய், டீ வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம்.

கடைசியில் துப்புக் கொடுத்தது ஊதுபத்தி. காற்றில்லாத ஒரு மாலையில், பானெட்டைத் திறந்து ஐட்லிங்கில் விட்டு, ரேடியேட்டரின் ஓரங்களில் ஊதுபத்தியைப் பிடித்தேன். நடுவில் பிடித்தால் புகை கோருக்குள், அதாவது ரேடியேட்டரின் குழாய் வலைக்குள், கோடு கிழித்ததுபோல் போகிறது. ஓரத்தில், ஃபேன் பக்கம் பிடித்தால் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருகிறது, வந்து மறுபடி கோருக்குள் நுழைகிறது. தான் விட்ட சுடு மூச்சையே ஃபேன் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. வண்டி என்னிடம் வந்தபோதே கவுல், அதாவது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு சேர்க்கும் தகட்டுக் கூடு, கிடையாது. நாலு இதழ் ஃபேன் நடுவட்டத்தை மட்டும் இழுக்க, நாலு மூலையும் வேடிக்கை பார்த்திருக்கின்றன.

கவுலை 20 கேஜ் ஜி.ஐ. தகட்டில் டிங்கர் கடையில் செய்தேன். அட்டையில் வெட்டிய மாதிரி மூன்று, தகட்டில் வெட்டியது இரண்டு. இதழின் அகலத்தில் பாதி வளையத்துக்குள், பாதி வெளியே. இடைவெளி குறைவாக இருந்தால் நல்லது என்று பேராசையில் கால் அங்குலம் விட்டேன். ஐட்லிங்கில் அருமை. கிளட்ச்சை விட்டு வண்டி நகர்ந்ததும் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுந்ததுபோல ஒரு சத்தம். ரேடியேட்டர் பாடியில் நிற்கிறது, எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது. இதை மறந்தவன் நான். டிங்கர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, வளையத்தை மட்டும் மறுபடி வெட்டினார். இப்போது முக்கால் அங்குலம்.

நேற்று அதே இருபது நிமிடம், வெயில் 34 டிகிரி. மேலே 91, கீழே 78, அதற்கு மேல் அசையவில்லை. பரணில் ஏறியது அதற்குப் பிறகுதான்.

வலது கீழ் மூலையில் இன்னும் ஒரு விரற்கடை புகை கசிகிறது. பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டிப் பார்க்க வேண்டும். அதற்குள் குன்னூர்ப் பயணத்துக்கு நாள் குறித்துவிட்டேன். அங்கே 1,850 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்தால்தான் பிழைப்பு. என் மூடியில் 7 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. ரப்பர் வாஷரோ அப்பளம்போல் நொறுங்குகிறது. புது மூடி கிடைத்ததும் கல்லாறு தாண்டி, பர்லியாரில் நிறுத்தி, நாலு பொட்டையும் அளந்து எழுதுகிறேன்.