டீ குடிச்சுட்டு வந்தா மௌஸ் திக்குது

லேப்ல ரீடிங் எடுக்க கம்ப்யூட்டர்ல செருகின ஒரு பழைய பிசிஐ டேட்டா அக்விசிஷன் கார்டு, அதுக்கு யாரோ 2.4 கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) காலத்துல எழுதின லினக்ஸ் டிரைவர் (கார்டை ஓட்டுற புரோகிராம்), அன்னிலேர்ந்து ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒட்டுப் போட்டே ஓட்டிட்டு வந்திருக்காங்க. லேப் தம்பி வந்து சொன்ன கம்ப்ளெயின்ட்தான் வேடிக்கை: "அண்ணே, டீக்குப் போயிட்டு வந்தா மௌஸ் திக்கித் திக்கிப் போகுது, ரீடிங்கும் பாதி காணோம்." நான் மௌஸை மாத்திக் குடுத்தேன். ரெண்டு தடவை.

அப்புறம்தான் கெர்னல் லாக் பார்க்கணும்னே தோணுச்சு. "ஐஆர்க்யூ 18: நோபடி கேர்ட்", கொஞ்சம் கீழ அந்த லைனை டிஸேபிள் பண்ணிட்டேன்னு ஒரு வரி. ஐஆர்க்யூன்னா ஒரு டிவைஸ் 'என்னைக் கவனி'ன்னு கெர்னலைக் கூப்பிடுற இன்டரப்ட் லைன்; அந்த 18-ல நம்ம கார்டும் மௌஸ் மாட்டியிருக்குற யுஎஸ்பி கன்ட்ரோலரும் ஒண்ணா குடித்தனம்.

இன்டரப்ட் வந்தா கெர்னல் அந்த லைன்ல இருக்குற ஒவ்வொரு ஹேண்ட்லரையும் (டிரைவர்ல இன்டரப்ட்டைக் கவனிக்கிற ஃபங்ஷன்) கூப்பிட்டு உன்னுதான்னு கேக்கும். ஒரு லட்சம் வந்து அதுல 99,900-க்கு மேல யாருமே என்னுதுன்னு சொல்லலைன்னா லைனையே மூடிடும், அப்புறம் செகண்டுக்குப் பத்து தடவை மட்டும் எட்டிப் பார்க்கும். மௌஸ் திக்குனது அதனாலதான்.

2.4-ல ஹேண்ட்லர் எதையும் ரிட்டர்ன் பண்ண வேண்டியதில்ல, 2003-லதான் அது மாறுச்சு. டிரைவரைப் புது கெர்னலுக்கு மாத்தின மகராசன் கம்பைலர் வாயை மூட எல்லா இடத்துலயும் ஐஆர்க்யூ_நன் (என்னுது இல்ல) போட்டுட்டாரு. வேலையை எல்லாம் ஒழுங்கா செஞ்சுட்டு நான் செய்யலன்னு சொல்ற ஹேண்ட்லர்! கார்டு செகண்டுக்கு ஆயிரம் இன்டரப்ட் அடிக்கும். கை மௌஸ்ல இருக்குற வரைக்கும் யுஎஸ்பி பக்கம் நடுவுல நடுவுல என்னுது என்னுதுன்னு சொல்லிட்டே இருக்கும், கணக்கு 99,900-ஐ எட்டாது. டீக்குப் போனா ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சுது கதை.

எல்லாத்தையும் ஐஆர்க்யூ_ஹேண்டில்ட்னு (என்னுதுதான், கவனிச்சுட்டேன்) மாத்திட்டு வீட்டுக்குப் போயிடலாமான்னு ஆசை வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா அது இதை விட மோசம், நாளைக்கு பக்கத்து டிவைஸ் பைத்தியம் பிடிச்சு இன்டரப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு விடலைன்னா நம்ம ஆள் என்னுதுன்னு பொய் சாட்சி சொல்லிட்டே இருப்பான், கெர்னல் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்காது, மெஷின் தொங்கும்.

அதனால முதல்ல ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் (கார்டு தன் நிலைமையை எழுதி வைக்கிற இடம்) படி. நம்ம பிட் இல்லையா, இல்ல எல்லாமே எஃப்பா வருதா (கார்டே பதில் சொல்லலைன்னு அர்த்தம்), நன். இருந்தா, படிச்ச பிட்டை மட்டும் அக் பண்ணி (பார்த்துட்டேன்னு கார்டுக்கு எழுதி), அதே ரெஜிஸ்டரை இன்னொரு தடவை படிச்சுட்டு ஹேண்டில்ட். அந்த ரெண்டாவது படிப்பு சும்மா இல்ல, பிசிஐ-ல ரைட் வழியில எங்கயாவது நின்னுக்கிட்டு இருக்கும், படிச்சாத்தான் போய்ச் சேரும்.

இன்னொரு கண்றாவி, ப்ரோப்ல (டிரைவர் கார்டைத் தயார் பண்ற ஃபங்ஷன்) பஃபர் அலோகேட் பண்றதுக்கு முன்னாடியே ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ, அதாவது ஹேண்ட்லரை லைன்ல பதிவு பண்றது. ஷேர்டு லைன்ல அடுத்தவன் இன்டரப்ட் அந்த நொடியே வந்து நம்ம கதவைத் தட்டும், உள்ள பஃபர் இருக்க வேண்டிய இடத்துல நல் பாயின்டர் (எங்கயும் காட்டாத முகவரி). இத்தனை வருஷம் எப்படித் தப்பிச்சுதோ. வரிசையை மாத்தினேன்.

ராத்திரி முழுக்க கார்டை ஓட விட்டு யாரும் மௌஸைத் தொடல. காலைல லாக்ல ஒண்ணும் இல்ல. வீணாப் போச்சுன்னு டிராயர்ல போட்டு வச்ச ரெண்டு மௌஸையும் எடுத்து மாட்டிப் பார்த்தேன், ரெண்டும் நல்லாத்தான் ஓடுது.