பெயர் சொல்லாத தடை

2020 ஜனவரி 10, சுங்கை சிப்புட், மலேசியா

புதுடில்லி நேற்று முன்தினம் வெளியிட்ட ஆணையின்படி, சுத்திகரித்த செம்பனை எண்ணெயை (பாமாயிலை) இனி உரிமம் இல்லாமல் இந்தியாவில் இறக்க முடியாது. மலேசியாவின் பெயர் அதில் எங்கும் இல்லை. உள்ளூர் ஆலைகளைக் காப்பதற்காக என்று சொல்லிக்கொள்ளவும் இடமிருக்கிறது. ஆனால், கச்சாச் செம்பனை எண்ணெயை விட்டுவிட்டு, நாம் மிகுதியாக அனுப்பும் சுத்திகரித்த வகையை மட்டும் பிடித்திருப்பதே குறி எங்கே என்பதைக் காட்டிவிடுகிறது. காஷ்மீரைப் பற்றிச் செப்டம்பரில் ஐ.நா.வில் நம் பிரதமர் மகாதீர் பேசியதும், பின்னர் இந்தியாவின் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தைக் குறைகூறியதும் யாருக்குத்தான் மறந்திருக்கும்?

ஜனவரி 15, பொங்கல்

குலையிலிருந்து உதிரும் செம்பனைப் பழங்களைப் பொறுக்க வரும் அம்மாள் பொங்கல் வாங்கிக்கொண்டு, கிராணியான (தோட்ட எழுத்தரான) என்னிடம் கேட்டார்: "கிராணி ஐயா, நம்ம எண்ணெய இந்தியாக்காரங்க வேணாம்னுட்டாங்களாமே, நாம என்ன செஞ்சோம்?" எனக்கு விடை வரவில்லை.

ஜனவரி 18

படை அனுப்பாமல் பணிய வைக்கும் இந்த வன்வலிமை எப்போதும் பலிப்பதில்லை. கொரியப் போரின்போது, 1951 மே மாதம், சீனாவுக்குப் போர்த்தளவாடப் பொருள்கள் செல்லக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானிக்க, என் தந்தையார் பால் வெட்டிக்கொண்டிருந்த மலாயாவின் ரப்பரையும் பிரிட்டன் சீனாவுக்கு அனுப்பாமல் நிறுத்தியது. அப்போது ஐ.நா.வில் சேர்ந்திராத இலங்கையோ, அரிசித் தட்டுப்பாட்டில் தவித்து, 1952 டிசம்பரில் சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் போக, 270,000 டன் அரிசி வரும் என்பது பேச்சு. அமெரிக்கா உதவியை நிறுத்தியும் இலங்கை அசையவில்லை. வாசலைப் பூட்டியவர்கள் கொல்லைப்புறத்தை மறந்துவிட்டார்கள்.

இம்முறை கொல்லைப்புறமும் இந்தியாவின் பக்கம்தான். நம்மிடம் வாங்காவிட்டால் இந்தோனேசியா இருக்கிறது. நமக்கோ, சென்ற ஆண்டில் நம் செம்பனை எண்ணெயை மிக அதிகமாக வாங்கிய நாட்டுக்கு ஈடாக இன்னொன்றை ஒரே மாதத்தில் தேடிப் பிடிக்க முடியாது. டில்லியின் துணிச்சல் ஜகார்த்தாவின் கையிருப்பில் இருக்கிறது என்பேன்.

ஜனவரி 21

பதிலடி கொடுக்கும் அளவுக்கு நாம் பெரியவர்கள் அல்லர் என்று மகாதீர் நேற்று ஒப்புக்கொண்டார். பேசியதைத் திரும்பப் பெறவும் இல்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன், என் நாலு ஏக்கர் செம்பனை மதிக்குமா என்று தெரியவில்லை.

ஜனவரி 24

நாட்டின் பெரிய சர்க்கரை ஆலை, இந்தியாவிடமிருந்து 130,000 டன் கச்சாச் சர்க்கரை வாங்கப்போகிறதாம். காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. இங்கேயும் பெயர் சொல்லாத வழக்கம்தான்.

சீனப் பெருநாளுக்காக எடைநிலையத்தை மூடுவதால், குலைகளை இன்றே இறக்கிவிடச் சொன்னார் அதன் முதலாளியான தவுக்கே. உதிரிப்பழக் கோணிகள் ஐந்தும் தராசில் ஏறின. சீட்டில் எடையை எழுதியவர், விலைக்கான கட்டத்தை வெறுமையாகவே விட்டு நீட்டினார். பெருநாள் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.